தினமும் ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு கேள்வி: அன்றாட ஓவியப் பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தினமும் வரையத் தொடங்குகிறவர்களில் பலர் ஓரிரு வாரங்களில் நிறுத்திவிட்டு, நேரம் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் உண்மையான காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல படம் கையில் வந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அவர்கள் உட்காருகிறார்கள். நல்ல படம் தினமும் அமையாது, எவருக்கும் அமைந்ததில்லை. அமையாத நாள்கள் தொடர்ந்து வந்துவிட்டால் ஸ்கெட்ச்புக்கைத் திறக்கவே மனம் வராது.

நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு எளிமையானது. வரைய உட்காரும் முன் ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்வேன். அன்றைய பக்கம் அந்தக் கேள்விக்கு விடை தேடினால் போதும். படம் நன்றாக வந்திருக்கிறதா என்பதை வரைந்தவரால் அன்றே நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. ஆனால் கோப்பையின் விளிம்பு எவ்வளவு திறந்து தெரிகிறது என்று உற்றுப் பார்த்தேனா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று உடனே சொல்லிவிடலாம். அந்தத் தெளிவு கிடைத்தால் மறுநாள் உட்காருவதற்குத் தயக்கம் இருக்காது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: நேரமும் பொருள்களும்

நேரத்தை 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் என்று தீர்மானித்தால், முக்கால் மணி நேரம் மட்டுமே கிடைக்கும் நாளில் ஒன்றுமே நடக்காமல் போய்விடும். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஏதாவது ஒரு வேலையை ஒட்டி இந்த 20 நிமிடத்தை வையுங்கள். ஸ்கெட்ச்புக்கும் பென்சிலும் அலமாரிக்குள் போகாமல், சீவிய பென்சிலோடு மேசைமேலேயே இருக்கட்டும். எடுத்து வைக்க வேண்டிய பொருள்கள் குறைவாக இருந்தால் தள்ளிப்போடுவதும் குறையும்.

ஸ்கெட்ச்புக் ஏ5 அளவில் இருந்தால் போதும். 20 நிமிடத்தில் ஒரு பக்கத்தை நிறைக்க அந்த அளவே ஏற்றது. பென்சிலுக்கும் பேனாவுக்கும் 120 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள தாள் தாங்கும். லேசான வண்ணம் பூசுவதானால் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. பென்சிலில் 2பி ஒன்றே முதல் சில மாதங்களுக்குப் போதுமானது. கிராஃபைட் தூளோடு களிமண்ணைக் கலந்து சுட்டு பென்சில் முனை செய்யும் முறையை நிக்கோலா ழாக் கோன்டே 1795-இல் உருவாக்கினார். களிமண் கூடினால் முனை கடினமாகி வெளிறிய கோடு தரும், கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுத்த கோடு தரும். 2பி இந்த இரண்டுக்கும் நடுவில், மென்மையின் பக்கம் சற்றே சாய்ந்து நிற்பதால், அழுத்தத்தை மாற்றியே வெளிர் சாம்பல் முதல் நல்ல கறுப்பு வரை எடுத்துவிடலாம். பென்சில்களை மாற்றி மாற்றி எடுக்கும்போது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கம் கைக்கு வருவதில்லை என்பதே ஒரு பென்சிலை வலியுறுத்துவதற்குக் காரணம்.

வரைவதற்கு விலை குறைந்த தாளே நல்லது என்று நான் சொல்வேன். தாள் வீணாகிவிடுமோ என்ற பயம் கையை இறுக்கிவிடும். நீர்வண்ணத்துக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: அன்றைய கேள்வி

பக்கத்தின் மேல் மூலையில் தேதியை எழுதி, அதற்குக் கீழே கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். எழுதாத கேள்வி ஐந்தாவது நிமிடத்தில் மறந்துபோய், கை தன் பழக்கப்படி அழகான கோடுகள் போடத் தொடங்கிவிடும்.

நல்ல கேள்வி குறுகலாக இருக்கும். “நாற்காலியை எப்படி வரைவது” என்பது மிக அகலமானது. “நாற்காலியின் கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடங்கள் என்ன வடிவத்தில் இருக்கின்றன” என்பது 20 நிமிடத்துக்குள் அடங்கும். “இந்தக் கையில் மிக நீளமான விரலுக்கும் உள்ளங்கைக்கும் என்ன விகிதம்”, “ஜன்னலோரத் துணியில் மிகக் கறுத்த இடம் எது”, “இந்த இலையின் பச்சையில் நீலம் தூக்கலா, மஞ்சள் தூக்கலா” என்பவை போன்ற கேள்விகளை ஒரு வாரத்துக்குச் சேர்த்து முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், எதை வரைவது என்று யோசித்தே நேரம் கழியாது.

மூன்றாம் படி: கையைத் தளர்த்துதல்

முதல் மூன்று நிமிடத்தை ஏதேனும் பழைய தாளில் கழியுங்கள். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை இயக்கி நீளமான நேர்கோடுகள் போடுங்கள். இரண்டு புள்ளிகளை வைத்து, பென்சில் தாளில் படாமல் ஓரிரு முறை காற்றிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரே வீச்சில் இணையுங்கள். அடுத்து, நீள்வட்டங்களைத் தொடர்ந்து சுற்றுங்கள். இது போதும், இதையே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

நான்காம் படி: பார்த்து அளத்தல்

பயிற்சியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. முதல் இரண்டு மாதங்களில் பாதிக்கு மேற்பட்ட நாள்களை இதற்கே கொடுக்கலாம்.

தாளைப் பார்க்காமல் வரைவதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் இடது கையையோ, ஒரு சாவிக்கொத்தையோ எடுத்துக்கொண்டு, கண் அதன் விளிம்பில் மெல்ல நகர, அதே வேகத்தில் பென்சிலும் நகரட்டும். முடியும்வரை தாளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. வரும் படம் கோணலாகத்தான் இருக்கும். கண் எவ்வளவு வேகமாக ஓடிவிடுகிறது, ஒரு விரல் மடிப்பில் எத்தனை சிறு திருப்பங்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

அடுத்தது அளவு எடுத்தல். பென்சிலைக் கையில் பிடித்து, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொருளின் உயரத்தைப் பென்சிலின் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையே குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவைத் திருப்பி அகலத்தோடு ஒப்பிடுங்கள். முழங்கை சற்று மடங்கினாலும் அளவு மாறிவிடும். வின்சென்ட் வான் கோ 1880-இல், 27 வயதில்தான் ஓவியராவது என்று தீர்மானித்தார். கம்பிகளோ நூல்களோ குறுக்கே கட்டிய ஒரு சட்டத்தின் வழியே காட்சியைப் பார்த்து விகிதங்களைப் பழகியதைத் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். கருவி வைத்து அளப்பது கலைக்குக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்வதுண்டு.

ஒரு கண்ணாடி டம்ளரைப் பாதியளவு தண்ணீரோடு மேசைமேல் வைத்துப் பாருங்கள். விளிம்பு, நீர்மட்டம், அடிப்பாகம் ஆகிய மூன்றும் உண்மையில் வட்டங்கள். நம் கண்ணுக்கு நீள்வட்டங்களாகத் தெரிகின்றன. கண்மட்டத்துக்கு நேரே இருக்கும் வட்டம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். அதற்குக் கீழே இறங்க இறங்க வட்டம் விரிந்துகொண்டே போகும். ஆகவே மேல் விளிம்பைவிட நீர்மட்டம் சற்று அதிகமாகவும், நீர்மட்டத்தைவிட அடிப்பாகம் இன்னும் அதிகமாகவும் திறந்து தெரிய வேண்டும். புதிதாக வரைகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் விளிம்பை நன்றாக விரித்து வரைந்துவிட்டு, அடியில் ஒரு நேர்கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். மேசை தட்டையானது என்று மனத்துக்குத் தெரிந்திருப்பதால், கண் சொல்வதைக் கை கேட்பதில்லை. நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் கூராக முடியாமல் சிறு வளைவாகத் திரும்புவதையும் கவனியுங்கள். ஒரு தூரிகையை அந்தத் தண்ணீரில் நிறுத்தினால், நீர்மட்டத்தில் அதன் காம்பு முறிந்து விலகினாற்போலத் தெரியும். அந்த விலகல் எவ்வளவு என்பது மட்டுமே ஒரு முழு நாளின் கேள்வியாக இருக்கத் தகுந்தது.

வெற்றிடங்களை வரைவதும் இதே படியைச் சேர்ந்தது. பொருளை விட்டுவிட்டு, அதைச் சுற்றியும் அதன் நடுவிலும் தெரியும் இடைவெளிகளை மட்டும் வரையும்போது, அந்த வடிவங்களுக்குப் பெயர் இல்லாததால், மனம் தனக்குத் தெரிந்த நாற்காலியை உள்ளே திணிக்க வழியில்லாமல் போகிறது.

இந்தப் படியில் ரப்பரைக் கையருகே வைக்காதீர்கள். தவறான கோட்டை அப்படியே விட்டு, அதன் பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காண்பதுதான் பாடம். அழித்துவிட்டால் அந்தப் பாடமும் சேர்ந்து அழிந்துபோகும்.

ஐந்தாம் படி: அசையும் மனிதர்கள்

வாரத்தில் ஓரிரு நாள், மனிதர்கள் காத்திருக்கும் இடங்களில் அமர்ந்து வரையுங்கள். 30 விநாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வரம்பு வைத்துக்கொண்டு, உடலின் ஒட்டுமொத்தச் சாய்வைக் காட்டும் ஒற்றைக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். நிற்பவர் எந்தக் காலில் எடையைத் தாங்குகிறார் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்பவரின் காறை எலும்புகளுக்கு நடுவிலுள்ள கழுத்துக்குழியிலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை இறக்கினால், அது பெரும்பாலும் எடை தாங்கும் பாதத்தில் வந்து விழும். அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்திருக்கும். தோள் அதற்கு எதிராகத் தாழ்ந்திருக்கும். இந்த மூன்றையும் பிடித்துவிட்டால், முகமே இல்லாத உருவம்கூடத் தரையில் ஊன்றி நிற்கும்.

வரைந்துகொண்டிருக்கும்போதே அவர் அசைந்துவிட்டால், அவரைத் துரத்த வேண்டாம். அதே பக்கத்தில் வேறொரு உருவத்தைத் தொடங்குங்கள். மனிதர்கள் தங்களுக்கு வசதியான இருப்புக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். வந்ததும் பழைய உருவத்தைத் தொடரலாம்.

ஆறாம் படி: ஒளியும் நிழலும்

வண்ணத்துக்குப் போகுமுன் ஒரு மாதமாவது டோன்களோடு, அதாவது வெளிர்-அடர் அளவுகளோடு, மட்டும் இருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வண்ணத்தில் வரும் தடுமாற்றங்கள் பலவும், உள்ளே பார்த்தால், வெளிர்-அடர் வேறுபாட்டைச் சரியாகப் பிடிக்காததால் வருபவையே.

வெள்ளை, வெளிர் சாம்பல், நடுச் சாம்பல், அடர் சாம்பல், கறுப்பு என ஐந்து கட்டங்களை ஒரு பட்டையாக வரைந்து, ஸ்கெட்ச்புக்கின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஏதேனும் ஒரு காட்சியை 5 × 7 செ.மீ. அளவுள்ள சிறு கட்டத்துக்குள், வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு என மூன்றே டோன்களில் அடக்கப் பாருங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் சில்லறை விவரங்கள் மங்கி, பெரிய திட்டுகள் மட்டும் எஞ்சும். அவற்றைத்தான் வரைய வேண்டும்.

ஒரே விளக்கின் ஒளியில், ஒரே நிறமுள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், அதன் நிழல் பக்கத்தின் மிக வெளிறிய இடம்கூட ஒளிப் பக்கத்தின் மிக அடர்ந்த இடத்தைவிட அடர்வாகவே இருக்கும். நிழலுக்குள் மேசையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் கண்ணைக் கவர்வதால், அதைத் தேவைக்கு மேல் வெளுத்து வரைந்து பொருளின் திரட்சியைக் கெடுத்துக்கொள்வது மிகப் பரவலான பிழை. எதிரொளி தெரியும் இடத்தை ஒளிப் பக்கத்தின் நடுச் சாம்பலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது எவ்வளவு அடர்வானது என்பது விளங்கிவிடும்.

இத்தகைய பயிற்சிக்குப் புகைப்படத்தை நம்ப வேண்டாம். கேமரா ஒளிப் பகுதிக்கு ஏற்ப எடுத்தால் நிழல்கள் கறுத்து மூடிக்கொள்ளும். நிழலுக்கு ஏற்ப எடுத்தால் ஒளிப் பகுதி வெளிறிப்போகும். கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஈடுசெய்கிறது.

ஏழாம் படி: நீர்வண்ணத்தில் இரண்டு நிறங்கள்

நீர்வண்ணத்துக்குத் தாள்தான் முதல் செலவாக இருக்க வேண்டும். மலிவான மரக்கூழ்த் தாளில் வண்ணம் சீராகப் பரவுவது கடினம். அதில் கற்றுக்கொள்ளும் சில பழக்கங்களை நல்ல தாளுக்கு வந்ததும் மறக்க வேண்டியிருக்கும். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளில் 56 × 76 செ.மீ. முழு ஷீட் ஒன்றை வாங்கி, 14 × 19 செ.மீ. அளவில் 16 துண்டுகளாக வெட்டிக்கொண்டால், ஒவ்வொரு துண்டும் ஒரு நாள் பயிற்சிக்குச் சரியாக இருக்கும்.

தொடக்கத்தில் அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா ஆகிய இரண்டு நிறங்கள் மட்டும் போதும். ஒன்று குளிர்ச்சியான நீலம், மற்றது வெதுவெதுப்பான செம்பழுப்பு. கலக்கும்போது ஒன்று மற்றதன் நிறத்தை அடக்கிச் சாம்பலாக்கும். நீலத்தைச் சற்றுக் கூட்டினால் மழைமேகச் சாம்பல். பழுப்பைக் கூட்டினால் காய்ந்த மரப்பட்டை. இரண்டையும் கெட்டியாகச் சேர்த்தால் கறுப்பை எட்டும் ஓர் அடர் நிறம். முழுதாகக் கலந்துவிடாமல் ஈரத் தாளில் பக்கம் பக்கமாக விட்டால், அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் சிறு குழிகளில் தனியே படிந்து, கல்லின் மேற்பரப்பைப் போன்ற பொறிப்பொறியான சாம்பல் உண்டாகும். இந்த இரண்டு நிறங்களோடு ஒரு மாதம் பழகியவருக்கு, பிறகு மஞ்சளையும் சிவப்பையும் சேர்ப்பது எளிதாக இருக்கும்.

வண்ண ட்யூபின் பெயரைவிட, அதன்மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அல்ட்ராமரைனுக்கு அது பிபி29. பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், எண் நிறமியைக் காட்டிக்கொடுத்துவிடும். பிஆர்83 என்று குறித்த அலிசரின் கிரிம்சன் அழகான சிவப்பு. ஆனால் வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது. சுவரில் மாட்டப்போகும் படத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. ஐயம் இருந்தால், ஒரு தாள் பட்டையில் நிறங்களைப் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதங்கள் வைத்துச் சோதித்துவிடலாம்.

சீரான வாஷ் போடுவது, அதாவது நீர்த்த வண்ணத்தை ஒரு பரப்பு முழுக்க ஒரே சீராகப் பூசுவது, இந்தப் படியின் முக்கியமான பழக்கம். பலகையை முன்பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். தேவைக்கு மேலாகவே வண்ணத்தைக் கலந்துகொள்ளுங்கள், ஏனெனில் பாதியில் மீண்டும் கலந்தால் அதே நிறம் வராது. தூரிகையை நிறைய நனைத்து மேலே ஒரு வரி இழுத்தால், அதன் கீழ் விளிம்பில் நீர் திரண்டு ஒரு கொழுத்த கோடாகத் தேங்கி நிற்கும். அடுத்த வரி அந்தத் தேக்கத்தைத் தொட்டு அதை அப்படியே கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். போட்ட இடத்துக்கு மீண்டும் போகக் கூடாது. கடைசி வரியில் மிஞ்சும் நீரை, பிழிந்த தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுங்கள்.

பிறகு பொறுமையாக அதைக் கவனியுங்கள். முதலில் மேற்பரப்பு கண்ணாடி போல மின்னும். இந்த நிலையில் வேறு வண்ணத்தைத் தொட்டால் அது எல்லையின்றிப் பரவும். பளபளப்பு தணிந்து பட்டு போன்ற மினுக்கம் வரும்போது, கெட்டியான வண்ணத்தை வைத்தால் மென்மையான விளிம்போடு தங்கும். இதே நிலையில் தண்ணீர் அதிகமுள்ள தூரிகை பட்டுவிட்டால், புது நீர் பழைய நிறமியைத் தள்ளிச் சென்று, பூக்கோசு போன்ற ஓரங்களோடு கறையாக நிற்கும். மினுக்கம் போன பிறகும் தாள் காய்ந்துவிட்டதாக நம்ப வேண்டாம். புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறது. நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும் என்பதால், ஈரத்தில் சற்று அடர்வாகத் தெரியும்படி போட வேண்டும். அக்ரிலிக் இதற்கு நேர்மாறாகக் காயும்போது அடர்வாகும். இரண்டையும் பயன்படுத்துகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

எட்டாம் படி: ஒரே பொருளுக்குத் திரும்புதல்

புதிய பொருள்களைத் தேடி அலைய வேண்டிய அவசியமில்லை. குளோத் மோனே 1890-91-இல் தம் வீட்டருகே இருந்த வைக்கோற்போர்களையே வெவ்வேறு நேரங்களிலும் பருவங்களிலும் மீண்டும் மீண்டும் வரைந்தார். இத்தாலியின் பொலோன்யாவில் வாழ்ந்த ஜியார்ஜியோ மொராண்டி, வீட்டிலிருந்த சில புட்டிகளையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தார். பொருள் மாறாதபோது, மாறுகிற மற்றவை, அதாவது ஒளி, இடைவெளி, உங்கள் பார்வை ஆகியவை கண்ணுக்குப் படத் தொடங்கும். மாதத்தில் ஒரு வாரத்தை ஒரே பொருளுக்கு ஒதுக்கி, கேள்வியை மட்டும் நாளுக்கு நாள் மாற்றுங்கள்: முதல் நாள் விகிதம், அடுத்த நாள் வெற்றிடம், அதற்கடுத்து டோன், பிறகு நிழலின் நிறம்.

ஒன்பதாம் படி: பக்கங்களைத் திரும்பிப் பார்த்தல்

வரைந்த அன்றே படத்தை மதிப்பிட வேண்டாம். அன்றே இணையத்தில் பகிர்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறருக்குக் காட்டப்போகிறோம் என்ற நினைப்பு வந்ததும், தெரியாத கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்த வித்தையைக் காட்டவே கை விரும்பும்.

மாத இறுதியில் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகப் பாருங்கள். தேடவேண்டியது திரும்பத் திரும்ப வரும் பிழையை. செங்குத்தான பொருள்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றனவா, தலைகள் எப்போதும் உடலுக்குப் பெரிதாகின்றனவா, டோன்கள் எல்லாம் நடுச் சாம்பலிலேயே தங்கிவிடுகின்றனவா என்று பாருங்கள். படத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் அறிவுறுத்தியிருக்கிறார். இடவலம் மாறிய படம் வேறொருவர் வரைந்தது போலத் தோன்றுவதால், பழகிப்போன சாய்வுகள் பளிச்சென்று தெரியும். கண்டுபிடித்த பிழையே அடுத்த மாதத்தின் முதல் வாரக் கேள்விகளைத் தந்துவிடும். எந்தப் பக்கத்தையும் கிழித்தெறிய வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.

ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் இரண்டு பக்கம் வரைந்து கடன் தீர்க்க முயலாதீர்கள். அந்தக் கணக்கு சீக்கிரமே பாரமாகிவிடும். உடல் நலமில்லாத நாளில், ஐந்து நிமிடம் உங்கள் கட்டைவிரலை வரைந்தால்கூடப் போதுமானது.

பத்தாம் படி: பக்கத்திலிருந்து பெரிய படத்துக்கு

ஒரே பொருளைப் பற்றிய நான்கைந்து பக்கங்கள் சேர்ந்து, அவற்றில் ஏதோ ஒன்று உங்களை மீண்டும் மீண்டும் இழுக்கிறது என்றால், பெரிய படத்துக்கு நேரம் வந்துவிட்டது. மூன்று டோன்களில் சிறு கட்டங்கள் சிலவற்றை வரைந்து, பொருள்களின் இருப்பிடத்தை முடிவு செய்யுங்கள். தேர்ந்த கட்டத்தை 14 × 19 துண்டில் ஒரு முறை வண்ணத்தில் முயன்று, எந்த நிறங்கள் போதும், எங்கே வெள்ளைத் தாளை அப்படியே விட வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் நான்கு மடங்கு பரப்புள்ள 28 × 38 செ.மீ. தாளுக்குப் போகலாம்.

பெரிய படம் நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் பலர் தினப் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், கேள்வியை மட்டும் அந்தப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாடியின் கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் வேலை நின்றுபோயிருந்தால், மறுநாள் 20 நிமிடம் அந்தச் சேர்க்கையை மட்டும் மூன்று கோணங்களில் ஸ்கெட்ச்புக்கில் வரைந்துவிட்டு, அதன் பிறகு தூரிகையை எடுங்கள்.